பழுது பார்க்கக் கூடாதா?

போனஸ் பணத்தில் பிள்ளைக்கு வீடியோ கேம் வாங்கிக் கொடுத்த குமாஸ்தா, காரண்டி முடிந்த சில மாதங்களில் கண்ட்ரோலரைக் கையில் எடுத்துக்கொண்டு சர்வீஸ் சென்டரில் நிற்கிறார். யாரும் தொடாமலேயே திரையில் பொம்மை ஒரு பக்கமாக நகர்கிறது. கிடைக்கும் பதில், "ரிப்பேர் செய்வதில்லை; புதிது வாங்கிக்கொள்ளுங்கள்" என்பதுதான். புதியதன் விலை ஐயாயிரம் ரூபாய்க்கு மேல். தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் எத்தனையோ குடும்பங்களுக்கு அது ஒரு மாத மளிகைக் கணக்கு.

பழுதோ அற்பமானது. கட்டை விரலால் அசைக்கும் குமிழுக்கு அடியில், ரேடியோவில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகில் இருப்பதைப் போன்ற கரித்தடம் இருக்கிறது. உராய்ந்து உராய்ந்து அது தேய்ந்துவிட்டால், விரலை எடுத்த பிறகும் குமிழ் அசைவதாகவே கருவி எண்ணிக்கொள்ளும். லாமிங்டன் ரோடு மெக்கானிக், ஈயம் வைத்த 14 இடங்களை இளக்கி, அந்தப் பாகத்தை எடுத்துவிட்டு வேறொன்றைப் பொருத்திவிடுகிறார். காந்தத்தால் இயங்குவதால் உராய்ந்து தேயாத பாகங்களும் இப்போது கிடைக்கின்றன. சந்தில் ஒரு மேஜை போட்டு அமர்ந்திருப்பவரால் முடிவது, குளிர்சாதன அறையில் முடியாதாம்! புதியதை விற்கும் ஆசையன்றி இதற்கு வேறு காரணம் தெரியவில்லை.

மெக்கானிக்குகளில் பழைய பாகத்தையே துடைத்து மாட்டிவிட்டு முழுக் கூலி வாங்குபவர்களும் உண்டு. கழற்றிய பாகத்தையும் ரசீதையும் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. காரண்டி இருக்கும்போது வெளியில் பிரிக்கக் கொடுப்பது புத்திசாலித்தனமன்று.

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் 'பழுதுபார்க்கும் உரிமை' இணையதளத்தைத் தொடங்கியது வரவேற்கத்தக்கதே. எளிதில் ரிப்பேர் செய்யக்கூடிய பொருள் எது என்பதைக் காட்டும் மதிப்பெண் முறையை 2025இல் ஒரு குழுவும் பரிந்துரைத்தது. ஆனால் முதற்கட்டமாகச் செல்போனும் டேப்லெட்டும்தான் அதில் இடம் பெற்றன. குழந்தைகள் கையில் புழங்கும் பொருள் மட்டும் இளக்காரமா?

காரண்டிக் காலத்திலேயே பழுதாகியும் தட்டிக் கழிக்கிறார்களா? 1915 என்ற எண்ணில் தமிழிலேயே முறையிடலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வசிக்கும் இடத்திலோ வேலை பார்க்கும் இடத்திலோ வழக்குப் போட வழி செய்திருக்கிறது. ஊருக்குப் போனபோது சென்னையில் வாங்கி வந்த பொருளுக்கு மும்பையிலேயே வழக்குத் தொடரலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் தொடர வேண்டும். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமில்லை. பில்லை மட்டும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

காரண்டி முடிந்தவர்களுக்குத்தான் வழி இல்லை. உதிரிப் பாகம் எத்தனை ஆண்டுகளுக்குக் கிடைக்கும், விலை என்ன என்பதைப் பெட்டியின் மேலேயே அச்சிடும்படி அரசு உத்தரவிட வேண்டும்.