சிறுமை என்னும் அளவுகோல்

பிரபஞ்சத்தைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் ஒரு பெருமூச்சும் உடன் எழுவது நமக்குப் பழகிப்போன ஒன்று. "இத்தனை பெரிய வெளியில் மனிதன் எம்மாத்திரம்?" என்ற வினாவோடு பேச்சு முடிந்துவிடும். கேட்டவர் தலையசைப்பார், சொன்னவர் ஞானம் கைகூடிய நிறைவில் அமைதியாவார். சிற்றிதழ்க் கவிதைகளிலும் இந்தப் பெருமூச்சுக்கு நிலையான இடமுண்டு. தன்னைத் துளி என்றும் துகள் என்றும் பாடுகிற கவிஞர், கவிதையின் கீழே தம் பெயர் பிழையின்றி அச்சாகியிருக்கிறதா என்று பார்க்கத் தவறுவதில்லை. அதை நாம் குற்றமாகச் சொல்லவில்லை. மனிதனின் சிறுமையைப் பேசுவதே அடக்கம் ஆகிவிடுமா என்ற ஐயம் மட்டும் நமக்கு நெடுநாளாக உண்டு.

இன்று இந்தப் பேச்சுக்குச் சான்றாகப் பெரும்பாலும் காட்டப்படுவது ஒரு புகைப்படம். 1977 செப்டம்பரில் ஏவப்பட்ட வாயேஜர் 1 விண்கலம், கோள்களைக் கடந்து வெளியேறும் வழியில், 1990 பிப்ரவரி 14 அன்று திரும்பிப் பார்த்து எடுத்த படம் அது. ஏறத்தாழ 600 கோடி கிலோமீட்டர் தொலைவிலிருந்து எடுத்த அப்படத்தில் பூமி ஒரு படப்புள்ளியைக்கூட நிறைக்கவில்லை. காமிராவுக்குள் சிதறிய சூரிய ஒளியின் பட்டை ஒன்றில் வெளிர்நீலப் பொட்டாகத் தெரிகிறது. ஆய்வுப் பயன் அதிகமில்லாத அந்தப் படத்தை எடுத்தே ஆகவேண்டும் என்று பல ஆண்டுகள் வலியுறுத்தியவர் கார்ல் சேகன். தம்மை இவ்வளவு சிறியதாகக் காணும் மனிதர்கள் செருக்கு நீங்கி ஒருவர்மேல் ஒருவர் கனிவு கொள்வார்கள் என்று அவர் நம்பினார். உயர்ந்த நம்பிக்கைதான். ஆனால் அது தானாக நிறைவேறக்கூடியதா என்பதே கேள்வி.

ஏனெனில், பூமி சிறிது என்பது 1990-இல் கிடைத்த செய்தியன்று. கி.மு. முதல் நூற்றாண்டில் சிசரோ எழுதிய ஸ்கிப்பியோவின் கனவில், விண்ணிலிருந்து பூமியைப் பார்க்கும் ரோமானியத் தளபதிக்குத் தன் பேரரசு ஒரு புள்ளியளவே என்று நாணம் உண்டாகிறது. சிசரோவுக்குப் பின்னும் ரோமப் பேரரசு விரிந்துகொண்டே போயிற்று. திருவாசகத்தின் திருவண்டப் பகுதியில், எண்ணற்ற அண்டங்கள் இறைவனின் பெருமைக்குமுன், வீட்டுக்குள் நுழையும் வெயிற்கதிரில் மிதக்கும் தூசுகளைப்போல் சிறுத்துப்போகின்றன. ஒளிப்பட்டையில் தூசெனத் தெரியும் பூமியின் படத்தைப் பார்க்கும் தமிழ் வாசகருக்கு இது நினைவுக்கு வராமல் போகாது. உடனே, "வாயேஜர் கண்டதை நம்மவர் அன்றே கண்டார்" என்று மார்தட்டவும் சிலர் எழுவார்கள். மாணிக்கவாசகர் வானியல் பேசவில்லை. இறைவன்முன் தன்னை இழந்து நிற்கிறார். தன்னை இழந்தவரின் சொல்லை எடுத்து நமக்குப் பெருமை தேடிக்கொள்கிறோம் என்றால், செருக்கு எந்தத் தூசிலும் ஒட்டிக்கொள்ளக்கூடியது என்பது விளங்கும்.

கோப்பர்னிகஸின் கதையும் இப்படிப்பட்டதே. 1543-இல் வெளிவந்த அவரது நூல், பூமியை மையத்திலிருந்து அகற்றி மனிதனின் அகந்தையை உடைத்தது என்று பள்ளிநாள் தொட்டுக் கேட்டுவருகிறோம். ஆனால் இடைக்கால ஐரோப்பியருக்கு மையம் என்பது அரியணையன்று. கனமானவையும் அழியக்கூடியவையும் வந்து தங்கும் அடிமட்டம் அது. தாந்தே நரகத்தை வைத்தது பூமியின் உட்புறத்தில். அதன் நட்டநடு மையத்தில் சாத்தானை. 1610-இல் கலிலியோ, பூமியும் ஒளியைத் திருப்பி வீசுகிறது, அது பிரபஞ்சத்தின் கசடுகள் தேங்கும் குழியன்று என்று வாதிட்டபோது, பூமிக்கு ஓர் உயர்வையே கேட்டார். வீழ்ச்சிக் கதைக்கு நிலைத்த வடிவம் கொடுத்தவர்களுள் ஃப்ராய்ட் முக்கியமானவர். மனிதகுலத்தின் தற்காதலுக்கு மூன்று அடிகள் விழுந்தன என்று அவர் 1917-இல் எழுதினார். முதல் அடி கோப்பர்னிகஸுடையது, இரண்டாவது டார்வினுடையது, மூன்றாவது உளப்பகுப்பாய்வு. மனிதனைச் சிறுமைப்படுத்தியவர்களின் பட்டியலில் தம் கண்டுபிடிப்புக்கே மூன்றாம் இடத்தை ஒதுக்கிக்கொள்ள அவருக்குத் தயக்கமிருக்கவில்லை.

எதிர்த்திசையில் ஓர் ஆறுதலும் உண்டு. இளம் வயதில் மறைந்த ஃப்ராங்க் ராம்சே என்ற கேம்பிரிட்ஜ் தத்துவவாதி, வானத்தின் பரப்பு தம்மை அடக்கவில்லை என்று 1925-இல் ஓர் உரையில் சொன்னார். நட்சத்திரங்கள் பெரியவையாக இருக்கலாம், அவற்றால் சிந்திக்கவோ அன்பு செய்யவோ இயலாது என்பது அவர் வாதம். தம் உடல் எடை நூறு கிலோவைத் தாண்டியதும் தமக்குப் பெருமையில்லை என்று வேடிக்கையாகச் சேர்த்துக்கொண்டார். பருமன் மதிப்பாகாது என்ற அளவில் அவரோடு நாம் உடன்படுகிறோம். பிரபஞ்சம் நம் தெருவளவே இருந்திருந்தால் நம் வாழ்வுக்குக் கூடுதல் பொருள் வந்திருக்குமா? வராது என்றால், பரப்பு பெரிதானதால் பொருள் குறைந்துவிட்டது என்பதும் பொருந்தாது. ஆனால் சிந்திக்கிறோம் என்பதனாலேயே நட்சத்திரங்களைவிட உயர்ந்தவர்கள் என்று கொள்வதும் பழைய அரியணையை வேறு அறைக்கு மாற்றுவதுதான்.

இந்த விவாதங்களில் அரிதாகவே நினைக்கப்படும் ஒருவரை இங்கே குறிப்பிடவேண்டும். ஹார்வர்ட் வானாய்வகத்தில் கண்ணாடித் தகடுகளில் பதிந்த நட்சத்திரங்களின் ஒளியை அளந்துகொண்டிருந்தவர் ஹென்றியட்டா லெவிட். சில நட்சத்திரங்களின் ஒளி கூடிக்குறையும் கால இடைவெளிக்கும் அவற்றின் உண்மையான பிரகாசத்துக்கும் உள்ள உறவை 1912-இல் நிறுவினார். வெகு தொலைவுகளை அளக்க மனிதருக்குக் கிடைத்த கோல் அது. அதைக் கொண்டே எட்வின் ஹபிள், ஆண்ட்ரோமெடா நம் பால்வீதிக்கு அப்பாலுள்ள தனி விண்மீன் மண்டலம் என்று 1920-களில் காட்டினார். லெவிட்டுக்குக் கிடைத்த ஊதியம் மணிக்கு 30 சென்ட். ஆய்வைத் தம் விருப்பப்படி நடத்தும் உரிமை அவருக்குப் பெரும்பாலும் இருக்கவில்லை. 1921-இல் இறந்தார். பிரபஞ்சத்தின் பரப்பை அளக்க முனைந்த ஒரு நிறுவனம், அளக்கும் கைகளைச் சிறியவையாகவே வைத்திருந்தது. வானத்தின் விரிவு ஆய்வகத்து மேசைகளின் ஏற்றத்தாழ்வைக் கரைத்துவிடவில்லை.

வாயேஜரில் இருக்கும் தங்கமுலாம் பூசிய இசைத்தட்டுக்கு வருவோம். அதில் 55 மொழிகளில் வாழ்த்துகள் உள்ளன. இன்று யார் வாயிலும் வழங்காத சுமேரியமும் அக்காடியமும் உண்டு. தெலுங்கும் கன்னடமும் சிங்களமும் உண்டு, தமிழ் இல்லை. பெரும்பாலான வாழ்த்துகள் கோர்னெல் பல்கலைக்கழக வட்டாரத்தில் கிடைத்தவர்களைக் கொண்டு அவசரமாகப் பதிவு செய்யப்பட்டவை என்று தெரிந்தும், நமக்கு ஓர் உறுத்தல் இருக்கத்தான் செய்கிறது. வாயேஜர் 1 இன்னொரு நட்சத்திரத்தின் அருகே செல்ல, அதுவும் ஒன்றரை ஒளியாண்டுக்கு மேற்பட்ட தொலைவில், ஏறத்தாழ 40,000 ஆண்டுகள் ஆகும். யார் கேட்கப்போகிறார்கள் என்று சொல்லிப் பார்த்தாலும் உறுத்தல் அடங்குவதில்லை. அடங்கவேண்டியதில்லை என்பதே நம் கருத்து. அந்தத் தட்டு விண்வெளிக்குச் சொன்னதைவிட மனிதர்கள் தமக்குள் சொல்லிக்கொண்டதே அதிகம். இன்னார் இருக்கிறார்கள் என்று பெயர் சொல்லி அழைப்பதும் விட்டுவிடுவதும் மனிதருக்கிடையே நடப்பவை. முக்கியத்துவம் என்பது நட்சத்திரங்களிடம் கேட்டுப் பெறுவதன்று. ஒருவர் மற்றவருக்குக் கொடுப்பதும் மறுப்பதும்தான்.

ஆகவே "எம்மாத்திரம்" என்ற சொல் யாரை நோக்கிச் சொல்லப்படுகிறது என்பதையே கவனிக்கவேண்டும். தன் பல்வலிக்கு முன்னால் அண்டத்தின் அளவைச் சொல்லி ஆறுதல் கொள்பவர் இல்லை. வரப்புத் தகராறில் ஒரு முழ நிலத்தை, பால்வீதியில் பத்தாயிரம் கோடிக்கு மேல் நட்சத்திரங்கள் உண்டு என்று விட்டுக்கொடுத்தவரையும் நாம் கண்டதில்லை. அயலாரின் துயரம் செய்தியாக வரும்போதுதான் நமக்கு வானவெளி நினைவுக்கு வருகிறது. கொல்லப்பட்டவர்களின் எண்ணிக்கையைக் கேட்டுவிட்டு, காலமும் வெளியும் இவ்வளவு பெரியவை, எல்லாம் கடந்துபோகும் என்கிறோம். அங்கே தத்துவமாக ஒலிப்பது நம் அலுப்பு மட்டுமே.

சிறுமை என்னும் அளவுகோல் பயனற்றது என்று நாம் சொல்லவரவில்லை. நம் பட்டங்கள், நம் சாதிப் பெருமை, நம் மொழியின் தொன்மை பற்றிய கூச்சல், நாம் எழுதும் கட்டுரைகள் ஆகியவற்றை அந்தக் கோலால் முதலில் அளக்கலாம். அடுத்தவரின் வலிமீது அதை வைக்க மட்டும் நமக்கு உரிமையில்லை. சேகன் அந்தப் படத்தை எடுக்கச் சொன்னது இந்த வேறுபாட்டை நாம் உணர்வதற்காகத்தான் என்று தோன்றுகிறது. படப்புள்ளியைக்கூட நிறைக்காத அந்தப் பொட்டில் வலிப்பவரும் இருக்கிறார். அவரைக் கேட்கக்கூடியவர்களாக, இதுவரை தெரிந்தவரை, நாம் மட்டுமே இருக்கிறோம்.