நடப்பதற்கு வண்டியில் போகிறார்கள்!

கோவை ரேஸ்கோர்சில் விடியற்காலையில் போய் நின்றால் ஒரு வேடிக்கையைப் பார்க்கலாம்.

கார்கள் வரும். ஸ்கூட்டர்கள் வரும். வந்தவர்கள் வண்டியை ஓரமாக நிறுத்துவார்கள். இறங்கி நடக்கத் தொடங்குவார்கள். இரண்டு சுற்றோ, மூன்று சுற்றோ நடப்பார்கள். வேர்வையைத் துடைத்துக்கொண்டு மறுபடி வண்டியில் ஏறி வீட்டுக்குப் போவார்கள்.

நடப்பதற்காக வண்டியில் வருகிறார்கள்!

அவர்கள் மீது குற்றம் இல்லை. வீட்டு வாசலில் இருந்தே நடக்க இடம் இருந்தால் எதற்காகப் பெட்ரோலைச் செலவழித்து இவ்வளவு தூரம் வரவேண்டும்? ரேஸ்கோர்சில் மரநிழல் உண்டு. நடைபாதை சமமாக இருக்கிறது. முதுகுக்குப் பின்னால் ஹாரன் அடிப்பார்களோ என்ற பயம் இல்லை. சொந்தத் தெருவில் இது எதுவும் இல்லை. ஆகவே வருகிறார்கள்.

கொங்கு நாட்டு மக்களுக்கு நடக்கத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. தைப்பூசம் வந்தால் போதும். கோவையில் இருந்தும், பொள்ளாச்சியில் இருந்தும், ஈரோட்டில் இருந்தும் சாரி சாரியாகப் பழனிக்குப் புறப்படுகிறார்கள். கோவைக்கும் பழனிக்கும் சுமார் 100 கிலோமீட்டர் தூரம். அறுபது வயதுப் பாட்டியும் காலில் செருப்பு இல்லாமல் நடக்கிறார். கோவை தந்த மேதை ஜி.டி.நாயுடு 1920-ம் ஆண்டில் தமது முதல் பஸ்சை விட்டதே பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையேதான். பஸ் வந்து நூறு ஆண்டு ஆகிவிட்டது. நடக்கிறவர்கள் இன்றும் நடந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

அப்படிப் பழனிக்கு நடக்கிற அதே மனிதர், தெருமுனையில் இருக்கும் மளிகைக் கடைக்குப் போக மொபட்டை எடுக்கிறார். ஏன்? பழனி பாதையில் கூட்டத்தோடு போகிறார். வண்டிக்காரன் ஒதுங்கிப் போகிறான். மளிகைக் கடைக்குத் தனியாகப் போகவேண்டும். அங்கே அவர்தான் ஒதுங்கவேண்டும். ஒதுங்க இடம் எங்கே?

ஒரு டாக்டர் போட்ட வழக்கு

இந்தக் கேள்வி டெல்லி வரை போய்விட்டது. கொண்டுபோனவர் ஒரு கோவைக்காரர்.

கோவை கங்கா ஆஸ்பத்திரியின் எலும்பு மருத்துவ நிபுணர் டாக்டர் எஸ்.ராஜசேகரன். ரோட்டு விபத்துகளைத் தடுக்க வழி செய்யவேண்டும் என்று 2012-ம் ஆண்டில் அவர் சுப்ரீம் கோர்ட்டில் பொதுநல வழக்குப் போட்டார். ஒடிந்த எலும்பைச் சேர்ப்பது டாக்டர் வேலை. எலும்பு ஒடியாதபடி ரோட்டை அமைப்பது சர்க்காரின் வேலை. அந்த வேலையைச் செய்யச் சொல்லுங்கள் என்பதுதான் வழக்கின் சாரம்.

வழக்கு நீண்டது. 2014-ல், சாலைப் பாதுகாப்பைக் கண்காணிக்க நீதிபதி கே.எஸ்.ராதாகிருஷ்ணன் தலைமையில் ஒரு கமிட்டியை கோர்ட்டு அமைத்தது. பிறகு 2025 மே 14-ந் தேதி முக்கியமான உத்தரவு வந்தது. நல்ல நடைபாதையில் நடப்பது மக்களின் உரிமை என்று நீதிபதிகள் அபய் ஓகா, உஜ்ஜல் புயான் இருவரும் கூறினார்கள். அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு உயிர் வாழும் உரிமையைத் தருகிறது. நடைபாதையும் அந்த உரிமைக்குள் அடங்கும் என்றார்கள். உடல் ஊனமுற்றோரும் அதில் போகும்படி இருக்கவேண்டும், ஆக்கிரமிப்புகளை அகற்றவேண்டும் என்றும் சொன்னார்கள்.

அதே ஆண்டு அக்டோபர் 7-ந் தேதி, அதே வழக்கில், நடந்து போகிறவர்களின் பாதுகாப்புக்கு ஆறு மாதத்துக்குள் விதிகள் வகுக்கவேண்டும் என்று மாநில சர்க்கார்களுக்கு உத்தரவு வந்தது. அந்த உத்தரவைப் போட்ட இரு நீதிபதிகளில் ஒருவரான கே.வி.விசுவநாதன் பொள்ளாச்சிக்காரர். கோவை சட்டக் கல்லூரியில் படித்தவர். வழக்குப் போட்டவரும் கொங்கு நாடு, தீர்ப்புச் சொன்னவரில் ஒருவரும் கொங்கு நாடு!

இவ்வளவு அவசரம் எதற்கு என்று கேட்கலாம். 2023-ம் ஆண்டில் இந்தியாவில் ரோட்டு விபத்துகளில் 1,72,890 பேர் இறந்தார்கள். அவர்களில் 35,221 பேர் நடந்து போனவர்கள். ஒரு நாளைக்கு 96 பேர். இவர்கள் யார் மீதும் மோதவில்லை. வேகமாகப் போகவில்லை. கடைக்கோ, பள்ளிக்கோ, பஸ் ஸ்டாண்டுக்கோ நடந்து போனவர்கள்.

வண்டியின் வேகம் கூடக் கூட ஆபத்து எப்படி ஏறுகிறது என்பதை உலக சுகாதார நிறுவனம் சொல்லி இருக்கிறது. 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் மோதுவதைவிட, 65 கிலோமீட்டர் வேகத்தில் மோதினால் நடப்பவர் சாகும் அபாயம் நாலரை மடங்கு அதிகம். வேகம் கூடியது 15 கிலோமீட்டர்தான்!

எது நடைபாதை?

பிளாட்பாரம் போடவில்லையா, எவ்வளவு செலவழித்திருக்கிறோம் என்று அதிகாரிகள் கேட்கக்கூடும். போட்டிருக்கிறார்கள். மறுக்கவில்லை. ஆனால் அதில் நடந்து பார்த்தவர்கள் யார்?

டவுன்ஹால் பக்கம் ஒரு அப்பாரு கைத்தடியோடு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பேத்தி கையைப் பிடித்திருக்கிறாள். பிளாட்பாரம் முழங்கால் உயரத்துக்கு நிற்கிறது. ஏற முடியவில்லை. பேத்தி கைகொடுத்து ஏற்றிவிடுகிறாள். பத்தடி போனதும் ஒரு வீட்டு கேட். கார் இறங்குவதற்காக அங்கே பிளாட்பாரத்தை வெட்டிச் சரிவு போட்டிருக்கிறது. இறங்கவேண்டும். மறுபடி ஏறவேண்டும். அப்புறம் மின்சார டிரான்ஸ்பார்மர். அதைச் சுற்றிக்கொண்டு போக ரோட்டில் இறங்கவேண்டும். பிறகு சாக்கடை மேல் போட்ட சிலாப்பு. அது ஒரு பக்கம் உடைந்து வாயைப் பிளந்துகொண்டிருக்கிறது. அதற்கும் அந்தப் பக்கம் நாலு மோட்டார் சைக்கிள்.

“வா கண்ணு, ரோட்டிலேயே போயரலாம்” என்கிறார் அப்பாரு. வேறு என்ன செய்வார்?

இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பு, நடைபாதை எப்படி இருக்கவேண்டும் என்று 2012-ம் ஆண்டிலேயே அளவு கொடுத்திருக்கிறது. தடை எதுவும் இல்லாமல் குறைந்தது 1.8 மீட்டர், அதாவது ஆறடி அகலம் வேண்டும். கடைவீதி என்றால் இன்னும் கூட. உயரம் 15 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. அது என்ன ஆறடிக் கணக்கு? இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரும் புதிருமாக வந்தால் இடிக்காமல் போக ஆறடி வேண்டும். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கையில் பையோடு போகும் தாய்க்கும் அந்த ஆறடி தேவைப்படுகிறது.

வீட்டு கேட் வரும் இடத்தில் நடைபாதை இறங்கக்கூடாது. நடைபாதை சமமாகப் போகவேண்டும். கார்தான் மெதுவாக ஏறி இறங்கவேண்டும். இதற்குப் பெரிய செலவு இல்லை. யாருக்கு முதல் மரியாதை என்பதைத் தீர்மானித்தால் போதும்.

பிளாட்பாரத்தில் வண்டி ஓட்டவும் கூடாது, நிறுத்தவும் கூடாது என்று 2017-ம் ஆண்டு மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. சிக்னல் இல்லாத வரிக்கோட்டில் ஆள் கடந்தால் வண்டி நின்று வழிவிடவேண்டும் என்றும் அதே விதிகள் சொல்கின்றன. எத்தனை டிரைவர்களுக்கு இது தெரியும்?

கடைக்காரர் பயம்

நடைபாதையை அகலமாக்கினால் முதலில் முகம் சுளிப்பவர்கள் கடைக்காரர்கள். கார் நிறுத்த இடம் போய்விடும், வியாபாரம் படுத்துவிடும் என்று பயப்படுகிறார்கள். பயம் நியாயமானதுதான். வட்டிக்கு வாங்கிக் கடை வைத்தவர் பயப்படத்தான் செய்வார்.

சென்னை தியாகராயநகர் பாண்டிபஜாரிலும் இந்தப் பயம் இருந்தது. 2019 நவம்பரில் அங்கே அகலமான நடைபாதை திறக்கப்பட்டது. இப்போது குடும்பம் குடும்பமாக வந்து உட்காருகிறார்கள், நடக்கிறார்கள், பொருள் வாங்குகிறார்கள். காரில் போகிறவன் கடைக் கண்ணாடியைப் பார்ப்பதில்லை. நடந்து போகிறவள்தான் நின்று பார்க்கிறாள். தீபாவளிக்கு முன் ஒப்பணக்கார வீதியிலும் கிராஸ்கட் ரோட்டிலும் நிற்கும் கூட்டம் எந்தக் காரில் வந்து கடைக்குள் நுழைகிறது? எல்லாம் கால்நடைதான். வருமானத்தைக் கொடுக்கும் அந்தக் கால்களுக்கு, ரோட்டின் ஓரம்கூட முழுதாகக் கிடைப்பதில்லை.

கோவையிலும் ஒரு நல்ல தொடக்கம் உண்டு. ஸ்மார்ட் சிட்டி திட்டத்துக்கு 2016-ல் தேர்வான முதல் 20 நகரங்களில் கோவையும் ஒன்று. அந்தத் திட்டத்தில் ஆர்.எஸ்.புரம் திவான்பகதூர் ரோடு மாதிரி ரோடாக மாறியது. நடைபாதை அகலமானது. உட்கார இருக்கைகள் வந்தன. அங்கும் சில நேரம் மோட்டார் சைக்கிள் ஏறி நிற்பது உண்டு என்றாலும், நடக்க முடிகிற ரோடு அது. குறை என்னவென்றால், அந்த ரோடு முடிந்ததும் நடைபாதையும் முடிந்துவிடுகிறது. மாதிரி என்று ஒன்றைக் காட்டுவது மற்றவை அதைப்போல் வரவேண்டும் என்பதற்காகத்தானே?

பூக்காரம்மாவையும் இளநீர்க்காரரையும் விரட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். இது தவறு. தெருவோர வியாபாரிகளுக்கு 2014-ம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. அவர்களுக்கு இடம் ஒதுக்கிக் கொடுக்கவேண்டும் என்பதே சட்டம். பூக்கூடைக்குத் தேவை மூன்றடி. ஒரு காருக்குத் தேவையான இடத்தில் எத்தனை பூக்கூடைகள் வைக்கலாம்! இருட்டிய பிறகு ஒரு பெண் தனியாக நடந்து வரும்போது, தெருமுனையில் விளக்கோடு ஒரு தள்ளுவண்டி நிற்பது எவ்வளவு தைரியம் என்பது பெண்களுக்குத் தெரியும்.

நூறு ஆண்டுக்கு முன்பே

1914, 1915-ம் ஆண்டுகளில் பாட்ரிக் கெடிஸ் என்ற ஸ்காட்லாந்து அறிஞர் சென்னை மாகாணத்து ஊர்களைச் சுற்றிப் பார்த்தார். அறிக்கையும் எழுதினார். அவர் பார்த்த ஊர்களில் கோவையும் ஒன்று. குறுகலான பழைய தெருக்களை இடித்து நேராக அகலமாக்குவதே முன்னேற்றம் என்று அந்தக் கால என்ஜினீயர்கள் நினைத்தார்கள். கெடிஸ் அதை ஒப்பவில்லை. நல்ல வீடுகளை இடிக்காதீர்கள், பாழடைந்ததை மட்டும் எடுங்கள், கிடைக்கும் சின்ன இடத்தில் மரம் நடுங்கள், மக்கள் கூடட்டும் என்றார்.

அந்த யோசனை எங்கே போயிற்றோ! மேட்டுப்பாளையம் ரோடும் அவினாசி ரோடும் அகலமானபோது நிழல் மரங்கள் பல விழுந்தன. சித்திரை வெயிலில் மரம் இல்லாத ரோட்டில் அரை மைல் நடந்து பார்த்தால் தெரியும், மொபட் ஏன் விற்கிறது என்று.

2025 அக்டோபர் 9-ந் தேதி அவினாசி ரோட்டில் பெரிய மேம்பாலம் திறக்கப்பட்டது. உப்பிலிபாளையத்தில் இருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் நீளம். பெயர் ஜி.டி.நாயுடு மேம்பாலம். விமான நிலையத்துக்குப் போகிறவர்களுக்கு எவ்வளவோ நேரம் மிச்சம். நல்லதுதான்.

ஆனால் பாலத்துக்குக் கீழேயும் ஒரு ரோடு இருக்கிறது. அங்கேதான் கல்லூரிகள் இருக்கின்றன. ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. ஷிப்டு முடிந்து வரும் தொழிலாளி அங்கேதான் ரோட்டைக் கடக்கிறார். ஆஸ்பத்திரியில் கணவனைச் சேர்த்துவிட்டு, எதிர்ப்பக்கம் மருந்து வாங்க ஓடுகிற பெண்ணும் அங்கேதான் கடக்கிறாள். அகலமான ரோட்டை ஒரு வயதானவர் கடக்க இருபது, இருபத்தைந்து விநாடி வேண்டும். வண்டிகள் அவ்வளவு நேரம் காத்திருக்கின்றனவா?

தூரம் போகும் வண்டிகளுக்கு இப்போது மேலே வழி கிடைத்துவிட்டது. கீழே உள்ள ரோட்டை நடக்கிறவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க இதைவிட நல்ல சமயம் வராது. ஒவ்வொரு ஆஸ்பத்திரி வாசலிலும், ஒவ்வொரு கல்லூரி வாசலிலும் தரையிலேயே கடக்கும் வழி வேண்டும். படி ஏறி இறங்கும் பாலமும் சுரங்கமும் வயதானவர்களுக்கு உதவாது. வேகத்தைக் குறைக்கும் சிக்னல் வேண்டும். பாலத்தின் நிழல் ஏற்கனவே இருக்கிறது. இரு ஓரத்திலும் மர நிழலும் வேண்டும்.

பெண்களுக்கு டவுன் பஸ்சில் இலவசப் பயணம் 2021-ல் தொடங்கியது. கோடிக்கணக்கில் சர்க்கார் அதற்குச் செலவு செய்திருக்கிறது. வீட்டில் இருந்து பஸ் ஸ்டாப்பு வரை பஸ் வராதே! அந்தத் தூரத்தை நடந்துதான் தீரவேண்டும். அந்தக் கால் மைல் ஆபத்தாக இருந்தால், மகளை அனுப்பத் தாய் தயங்குகிறாள். ஸ்பெயின் நாட்டில் பொந்தேவேத்ரா என்று ஒரு ஊர். 1999-ல் அங்கே மேயராக வந்தவரும் ஒரு டாக்டர்தான். ஊர் நடுவில் கார்களைக் குறைத்து, தெருக்களை நடப்பவர்களிடம் கொடுத்தார். அங்கே பிள்ளைகள் பள்ளிக்குத் தனியாக நடந்து போகிறார்கள்.

கோவை மாநகராட்சியில் 100 வார்டுகள். ஒவ்வொரு வார்டிலும் ஒரு பள்ளிக்கூடத்தை எடுத்துக்கொண்டு, அதன் வாசலில் இருந்து பக்கத்து பஸ் ஸ்டாப்பு வரை ஆறடி நடைபாதையை முதலில் சரிசெய்யலாம். கவுன்சிலரும் என்ஜினீயரும் ஒரு நாள் காலை எட்டரை மணிக்கு அந்தத் தூரத்தைப் பிள்ளைகளோடு சேர்ந்து நடக்கட்டும். கையில் ஒரு அளவு டேப்பும் ஒரு சாக்கட்டியும் இருந்தால் போதும். ஆறடி எங்கே குறைகிறதோ, அங்கே தரையில் கோடு போட்டுக்கொண்டே போகலாம்.