வருகையின் நாளும் வழிபடும் ஆலயமும்



ஞாயிறு திருப்பலி முடிந்தபின் இளைஞர் ஒருவர் என்னிடம் வந்தார். "சுவாமி, இரகசிய வருகையைப் பற்றி நமது கோயிலில் ஒருநாளும் பேசுவதில்லையே. பக்கத்துச் சபையில் விளக்கமாகப் போதிக்கிறார்கள். நான் அங்கே போவது தவறா?" என்று கேட்டார். அவரது தாயார் சற்றுத் தள்ளிக் கண்கலங்கி நின்றார்.

இப்படிக் கேட்கும் பிள்ளையைக் கடிந்துகொள்ளாதீர்கள். ஆண்டவர் மீண்டும் வருவார் என ஞாயிறுதோறும் விசுவாசப் பிரமாணத்தில் அறிக்கையிடும் நாம், திருவருகைக் காலம் கடந்ததும் அதனை மறந்துவிடுகிறோம். இக்குறையில் குருக்களாகிய எமக்கும் பங்குண்டு.

ஆயினும், உலக முடிவு பற்றிய விளக்கத்தைக் கொண்டு ஒரு சபையைத் தெரிவுசெய்யலாமா? இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித ஜஸ்டினும் புனித இரேனியுசும் கிறிஸ்துவின் ஆயிரமாண்டு ஆட்சி இப்பூமியில் நிகழும் என நம்பினர். தூய விசுவாசமுடைய கிறிஸ்தவர் பலர் இதில் தம்மோடு உடன்படவில்லை என்பதையும் ஜஸ்டின் மறைக்காமல் எழுதினார். பின்னர் புனித அகுஸ்தீனார் அந்த ஆயிரம் ஆண்டுகளைத் திருச்சபையின் காலமாக விளக்கினார். திருச்சபை ஆயிரமாண்டு ஆட்சிக் கருத்தை ஏற்கவில்லை. ஆனால் இரேனியுசைத் தள்ளிவிடவுமில்லை. 2022இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைத் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவித்தார்.

பெருந்துன்பத்திற்கு முன்னரே விசுவாசிகள் மறைவாக எடுத்துக்கொள்ளப்படுவர் என்னும் போதனையோ 19ஆம் நூற்றாண்டில் ஜோன் நெல்சன் டார்பியின் வழியாகப் பரவியது. அதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் 1 தெசலோனிக்கர் 4:17ஐ அடுத்த வசனத்தோடு சேர்த்து வாசியுங்கள். இறந்தோருக்காகத் துயருற்றவர்களைத் தேற்றவே புனித பவுல் அதனை எழுதினார். நாள் குறித்தவர்களின் கதையும் நாம் அறிந்ததே. அமெரிக்காவில் வில்லியம் மில்லரைப் பின்பற்றியோர் 1844 ஒக்டோபர் 22இல் ஆண்டவரை எதிர்பார்த்து ஏமாந்தனர். அந்த நாளைத் தந்தை ஒருவரே அறிவார் என்பது இயேசுவின் வாக்கு (மத்தேயு 24:36).

ஆகவே, அன்பான இளைஞரே, வேறு கேள்விகளைக் கேளுங்கள். திருத்தூதர்கள் கையளித்த விசுவாசம் எங்கே காக்கப்படுகிறது? பாவமன்னிப்பும் நற்கருணையும் எங்கே கிடைக்கின்றன? ஆண்டவர் வரும்வரை அவரது சாவை நாம் அறிவிப்பது திருப்பலியில்தான் (1 கொரிந்தியர் 11:26). வருகைக்கான ஆயத்தம் அந்தப் பீடத்திலேயே நடைபெறுகிறது. அதனை விட்டுச் செல்ல, எதிர்காலம் பற்றிய ஓர் அட்டவணை போதிய காரணமாகாது.

தாய்மாரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை அங்கே சென்றுவிட்டாலும் வீட்டுக் கதவை அடைக்காதீர்கள். ஒன்றாக உண்ணுங்கள், மாலைச் செபத்துக்கு அவரையும் அழையுங்கள். 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறன்று, கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்திலும், கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் சிந்தப்பட்ட இரத்தத்தை நினைத்துப்பாருங்கள். அவர்கள் வெவ்வேறு சபையினர். உயிர்த்த அதே ஆண்டவரை வழிபட வந்த இடத்திலேயே உயிர்துறந்தனர்.

இறுதி நாளில் ஆண்டவர் நம்மிடம் எதைப் பற்றிக் கேட்பார் என்பதை மத்தேயு 25ஆம் அதிகாரம் சொல்கிறது: பசித்தவர், அந்நியர், நோயுற்றவர், சிறையிலிருந்தவர். அந்தக் கேள்விக்கு இன்றே நம் இல்லங்களில் பதில் தேடுவோம்.