தீவு போனதும் காகிதத்தால், தீவு வந்ததும் காகிதத்தால்

ஜொகூர் கரையிலிருந்து 7.7 கடல் மைல் தூரத்தில், நடுக்கடலில் ஒரு பாறைத் தீவு நிற்கிறது. பத்து பூத்தே என்று பெயர். வெள்ளைக் கல் என்று அர்த்தம். நீளம் 137 மீட்டர், அகலம் சராசரி 60 மீட்டர். நம் தொழிலாளி ஒருவர் ஒரு காலைப் பொழுதில் மரம் சீவி முடிக்கும் காட்டைவிடச் சின்னது. 1851-ல் ஆங்கிலேயர் கட்டி முடித்த கலங்கரை விளக்கம் ஒன்று அதன்மேல் நிற்கிறது.

இந்தப் பாறைக்காக மலேசியாவும் சிங்கப்பூரும் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் தகராறு பண்ணின. 1979-ல் மலேசியா ஒரு வரைபடம் வெளியிட்டு, தீவு எங்களுடையது என்றது. 1980-ல் சிங்கப்பூர் மறுத்தது. கடைசியில் வழக்கு அனைத்துலக நீதிமன்றத்துக்குப் போனது. 2008 மே 23-ல் தீர்ப்பு வந்தது. 12 நீதிபதிகள் ஒரு பக்கம், 4 பேர் மறு பக்கம். பத்து பூத்தே சிங்கப்பூருக்குப் போனது. பக்கத்திலுள்ள நடுப்பாறைகள் மட்டும் மலேசியாவுக்குக் கிடைத்தன.

“நமக்கென்னங்க அதிலே? நாளைக்குப் பெரட்டுக்குப் போகணும், பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் செலவு பார்க்கணும்” என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

அந்தத் தீவு ஆதியில் ஜொகூர் சுல்தானுக்கு உரியதுதான் என்று நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. அப்புறம் எப்படிக் கைமாறியது? 1953-ல் சிங்கப்பூர் அரசாங்கம், இந்தத் தீவின் நிலைமை என்னவென்று ஜொகூருக்கு எழுதிக் கேட்டது. அந்த ஆண்டு செப்டம்பர் 21-ல் ஜொகூர் அரசாங்கச் செயலாளராகத் தற்காலிகமாக இருந்த அதிகாரி பதில் போட்டார். அந்தத் தீவுக்கு ஜொகூர் உரிமை கோரவில்லை என்று எழுதினார். அந்த ஒரு கடிதம் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டோம். 1962 முதல் 1975 வரை நம் நில அளவை இலாகா போட்ட வரைபடங்களிலும் அந்தத் தீவுக்குக் கீழே சிங்கப்பூர் என்றே அச்சாகியிருந்தது. சிங்கப்பூர் அங்கே அதிகாரம் செலுத்தி வந்தபோது பல்லாண்டு காலம் யாரும் ஆட்சேபிக்கவில்லை. இவையெல்லாம் சேர்ந்துதான் தராசைச் சாய்த்தன.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. சபா கடலில் சிப்பாடான், லிகித்தான் என்று இரண்டு தீவுகள். இந்தோனேசியா அவற்றுக்கு உரிமை கேட்டது. 2002 டிசம்பர் 17-ல் அதே நீதிமன்றம் 16-க்கு 1 என்று மலேசியாவுக்குத் தீர்ப்பளித்தது. காரணம் என்ன தெரியுமா? ஆமை முட்டை எடுப்பதற்கு அந்தக் காலத்து வடபோர்னியோ அதிகாரிகள் சட்டம் போட்டு, அனுமதி கொடுத்து, அதை எழுதியும் வைத்திருந்தார்கள். 1933-ல் சிப்பாடானைப் பறவைகளின் காப்பிடமாக அறிவித்தார்கள். அதுவும் எழுத்தில் இருந்தது. பீரங்கி அல்ல, முட்டைக் கணக்கு தீவைக் காப்பாற்றியது!

எழுத்தின் பலம் தோட்டத்து மக்களுக்குத் தெரியாததா? வெயிலில் நின்று உழைத்தாலும் கிராணி செக்ரோலில் பேர் போடவில்லை என்றால் அன்றைய சம்பளம் இல்லை. எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா? தோட்டத்தில் செக்ரோல், நாட்டில் அரசாங்க ஃபைல். நிலப் பட்டா, குடியுரிமை, பள்ளிக்கூட மானியம், மருத்துவ உதவி எல்லாமே யாரோ ஒருவர் மேசையில் எழுதித்தான் நடக்கிறது. அந்த மேசையில் நம் பிள்ளைகள் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதே நம் கேள்வி.

மேசைக்கு ஆள் எடுப்பது பொதுச் சேவை ஆணையம். எஸ்.பி.ஏ. என்று சொல்வார்களே, அதுதான். அரசியல் சட்டத்தின் 139-ஆவது பிரிவின்படி 1957-ல் நாடு சுதந்திரம் பெற்ற அன்றே பிறந்தது. மந்திரியின் சிபாரிசில் ஆள் வைக்காமல், தனி அமைப்பு ஒன்று பார்த்து எடுக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். ஆசிரியர்களுக்குக் கல்விச் சேவை ஆணையம் தனியாக இருக்கிறது. ஜொகூர் போன்ற மாநிலங்களுக்குச் சொந்த ஆணையங்களும் உண்டு.

“நமக்கு எங்கே கொடுக்கப் போறான்?” என்ற பேச்சு வீட்டுக்கு வீடு கேட்கிறது. இந்த மனக்கசப்பில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டோம். 153-ஆவது பிரிவு அரசாங்க வேலையில் ஒரு பங்கை ஒதுக்க இடம் தருகிறது. ஆனால் 136-ஆவது பிரிவு, ஒரே தரத்தில் வேலை செய்வோரை எந்த இனத்தவராயினும் பாரபட்சமின்றி நடத்த வேண்டும் என்கிறது. அந்த வாக்கைக் காப்பாற்றுவது அரசாங்கத்தின் கடமை. அதைக் கேட்பது நம் உரிமை. கேட்பதற்குச் சாட்சி எங்கே? ஆயிரம் பேர் மனுப் போட்டுப் பத்துப் பேருக்குக் கிடைத்தால், அந்தக் கணக்கை நாடாளுமன்றத்தில் எடுத்து வைக்கலாம். பத்தே பேர் மனுப் போட்டால் என்ன பேச முடியும்? போடாத மனுவும் ஆட்சேபிக்காத வரைபடமும் ஒன்றுதான்.

ஆகவே பெற்றோர்களே, சில காரியங்களை இன்றே செய்யுங்கள். பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், அடையாளக் கார்டு, பள்ளிச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரே உறையில் பத்திரப்படுத்துங்கள். குடிமக்களுக்குத்தான் இந்த வேலை. சிவப்புக் கார்டோடு நிற்கும் பிள்ளை இருந்தால் பதிவு இலாகாவுக்கு இப்போதே நடையைக் கட்டுங்கள். எஸ்.பி.எம். தேர்வில் மலாய் மொழியில் நல்ல தேர்ச்சி பல பதவிகளுக்கு அவசியம். தவறிய பிள்ளை அந்தத் தாளை மறுபடி எழுத வழியுண்டு. ஆணையத்துக்கு மனுப் போடுவது இப்போது கணினி வழியாகத்தான். அதற்குக் கட்டணம் கிடையாது. வேலை வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்டு வருபவனை வாசலோடு அனுப்புங்கள். ஒரு முறை பதிந்துவிட்டு மறந்துவிடவும் கூடாது. காலாவதி ஆகாமல் புதுப்பிக்க வேண்டும்.

தோட்டத்துக் கோயில் குழுவும் இளைஞர் மன்றமும் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கென ஒதுக்கட்டும். கணினி தெரிந்த பிள்ளை, தெரியாத பிள்ளைக்கு உட்கார்ந்து போட்டுக் கொடுக்கட்டும். திருவிழாவுக்குப் பந்தல் போடத் தெரிந்த நமக்கு இது முடியாத காரியமா?

பெற்றோர் சீவிய பாலில் நாடு வளர்ந்தது. அவர்கள் பிள்ளைகள் அந்த நாட்டின் கணக்கை எழுத வேண்டும். மனுப் போடுங்கள்!