சுவருக்குள் இருந்த விலைப்பட்டியல்

விலைவாசி இறங்கினால் பெயர் ஆட்சிக்கு. ஏறினால் பழி வியாபாரிக்கு. ஆட்சியாளர்கள் மலிவு விலையைத் தம் பெருமையாகச் சொல்லிக்கொள்வது இன்று நேற்று வந்த வழக்கமல்ல. ஏறத்தாழ 3,850 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு விலைப்பட்டியலே இதற்குச் சாட்சி.

இன்றைய இராக்கின் தென்பகுதியில் ஊருக் என்னும் பழம்பெரும் நகரம் இருந்தது. கி.மு. 19ஆம் நூற்றாண்டில் அதை ஆண்டவர் சின்-காஷித். பைபிளில் எமோரியர் என்று வரும் அமோரிய இனத்தவர். பாபிலோன் அரசரின் மகளை மணந்தவர். ஊருக்கில் அவர் கட்டிய அரண்மனையை ஜெர்மானிய அகழாய்வாளர்கள் தோண்டிக் கண்டனர்.

லுகல்பண்டா, நின்சுன் என்ற தெய்வங்களுக்குக் கோயில் எழுப்பிய இந்த அரசர், களிமண் கூம்புகளில் தம் காலத்துச் சந்தை விலையைப் பொறித்து வைத்தார். ஒரு ஷெக்கல் வெள்ளிக்கு, அதாவது சுமார் 8 கிராமுக்கு, கிடைக்கும் சரக்கு இது: பார்லி 3 கூர் (சுமார் 900 லிட்டர்), ஆட்டு ரோமம் 12 மினா (6 கிலோ), செம்பு 10 மினா (5 கிலோ), நல்லெண்ணெய் சுமார் 30 லிட்டர்.

போர் வெற்றியைப் பாடாமல், குடும்பத்துக்கு வேண்டிய தானியமும் எண்ணெயும் மலிவாகக் கிடைப்பதே அரசனுக்கு அழகு என்று நினைத்தாரே, அதைப் பாராட்ட வேண்டும். ஆனால் சந்தையில் அந்த விலைக்குச் சரக்கு கிடைத்ததா?

பாக்தாத் அருகே 1945, 1947 ஆண்டுகளில் எஷ்னுன்னா நாட்டுச் சட்டப் பலகைகள் கிடைத்தன. அவை சின்-காஷித்துக்குச் சில தலைமுறைகள் பிந்தியவை. அவற்றில் ஒரு ஷெக்கலுக்குப் பார்லி 1 கூர், ரோமம் 6 மினா, செம்பு 3 மினா, நல்லெண்ணெய் 12 லிட்டர் அளவே. ஊரும் காலமும் வேறுதான். ஆனாலும் பார்லியில் மூன்று மடங்கு வித்தியாசம்! சின்-காஷித்தின் பட்டியல் நடப்பு விலையல்ல, அரசரின் ஆசை விலை என்றே அறிஞர்கள் கருதுகின்றனர். தம் ஆண்டுகள் வளமான ஆண்டுகளாகட்டும் என்ற வேண்டுதலோடுதான் அந்த வாசகமும் முடிகிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்தக் கூம்புகள் கோயில் சுவருக்குள் செருகப்பட்டவை. தெய்வமும் பின்னால் வரும் அரசர்களும் படிப்பதற்காக எழுதியவை. பார்லி வாங்க வந்த குடியானவன் அதைக் காட்டிப் பேரம் பேசியிருக்க முடியாது.

வாய்க்காலில் தண்ணீர் வந்து, வயல் விளைந்து, படகில் மூட்டை வந்து சேர்ந்தால் விலை இறங்கும். எழுத்தால் இறங்காது. ஆகவே, ஒரு விலையை அறிவிக்கும் எவரும் அந்த விலைக்குச் சரக்கு எங்கே கிடைக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கொள்முதல் விலையை விட்டுவிட்டு விற்பனை விலையை மட்டும் பேசுவது நியாயமாகாது.

அதே நியாயம் நமக்கும் உண்டு. நம் விலைப்பலகை வாடிக்கையாளர் கண்ணில் படும் இடத்தில் தொங்க வேண்டும். அதில் எழுதிய விலைக்கு, எழுதிய அளவில், சரக்கை நிறுத்துக் கொடுக்க வேண்டும். பழி வரும்போது நமக்காகப் பேசப்போவது அந்தப் பலகையும் தராசும்தான்.