மொழி அறியா விருந்தினர்

'விருந்தோம்பல் தமிழனின் இரத்தத்தில் ஊறியது' என்று மேடைதோறும் முழங்குகிறோம். நானும் பேச்சுப் போட்டி ஒன்றில் அவ்வாறே முழங்கிப் பரிசு பெற்றவன்தான். ஆனால் வீடு தேடி வரும் உறவினருக்கு இலை போடுவது எளிது. வாயிருந்தும் ஊமையராய், செவியிருந்தும் செவிடராய், வழி தெரியாமல் நம் தெருவில் நிற்கிறாரே ஒருவர், அவரிடம் நாம் எவ்வாறு நடந்துகொள்கிறோம்? இதைச் சோதித்துப் பார்க்க நம் திருவண்ணாமலையைவிடச் சிறந்த உரைகல் ஏது?

மொழி தெரியாதவர்கள் இவ்வூருக்கு வந்த வரலாறு நீண்டது. ஆங்கில எழுத்தாளர் பால் பிரண்டன் இரமணரைக் காண வந்தார். 1934இல் வெளியான அவருடைய நூல் இரமணரின் பெயரை மேல்நாடெங்கும் பரப்பியது. மேஜர் சாட்விக் 1935இல் வந்தவர், 1962இல் மறையும்வரை இங்கேயே தங்கிவிட்டார். இவர்களைப் பற்றி எழுதியோர் பலர். என் நெஞ்சைத் தொட்டதோ ஆஸ்பர்ன் குடும்பத்தின் கதை.

ஆர்தர் ஆஸ்பர்ன் ஆங்கிலேயர்; பாங்காக்கில் பல்கலைக்கழக விரிவுரையாளர். அவர் துணைவியார் லூசியா போலந்து நாட்டவர். 1941இல் இந்தியாவுக்கு வந்த குடும்பத்தில் தாயும் மூன்று குழந்தைகளும் திருவண்ணாமலையில் தங்க, தந்தை மட்டும் பணிக்குத் திரும்பினார். அவ்வாண்டு டிசம்பரில் ஜப்பானியப் படை சயாம் நாட்டுக்குள் புகுந்தது. அவர் சிறைமுகாமில் அடைக்கப்பட்டார். 1945இல் போர் முடிந்த பின்னரே குடும்பத்துடன் சேர்ந்தார்.

அந்தத் தாயின் நிலையை எண்ணிப் பாருங்கள். பிறந்த நாடு ஜெர்மானியர் காலடியில். கணவரோ பகைவர் கையில். இருக்கும் ஊரிலோ சுற்றிலும் புரியாத மொழி. இரமணாசிரமம் அவர்களுக்கு ஆதரவாக இருந்தது. 1939இல் பாங்காக்கில் பிறந்த மகன் ஆடம், தமிழ் பேசும் பிள்ளையாகவே இங்கு வளர்ந்தான். 1981இல் 'ஆஸ்பர்ன் 1' என்னும் கையோடு தூக்கிச் செல்லும் கணிப்பொறியை விற்பனைக்குக் கொண்டுவந்து உலகப் புகழ் பெற்ற ஆடம் ஆஸ்பர்ன் அவரே. இறுதி நாட்களிலும் தமிழ்நாட்டுக்கே திரும்பி, 2003இல் கொடைக்கானலில் மறைந்தார். அந்தச் சிறுவனுக்குத் தமிழைப் புகட்டியவர்கள் எந்த நூலிலும் பெயர் இடம்பெறாத அக்கம்பக்கத்தாராகத்தான் இருக்க வேண்டும்.

'வெள்ளைக்காரர் என்றால் பல்லைக் காட்டுவோம், அதுவா அன்பு?' என்று என் வகுப்புத் தோழன் மடக்குவான். அவன் பேச்சை என்னால் தள்ள முடியவில்லை. இன்று பௌர்ணமிதோறும் ஆந்திரத்திலிருந்தும் தெலங்கானாவிலிருந்தும் பெருந்திரளாக மக்கள் கிரிவலம் வருகின்றனர். அவர்களைக் குறிக்க நம்மில் சிலர் வழங்கும் கேலிச் சொல்லை எழுத என் கை கூசுகிறது. தெலுங்கு காதில் விழுந்ததும் ஆட்டோ கட்டணம் மூன்று மடங்காவதை நானே பார்த்திருக்கிறேன். ஓட்டுநரை மட்டும் குறை கூற எனக்கு அருகதை இல்லை. எட்டாம் வகுப்பில் படித்தபோது, செங்கம் சாலைக்கு வழி கேட்ட வெளிநாட்டவர் ஒருவரை, நண்பர்கள் சிரிக்க வேண்டும் என்பதற்காக நேர் எதிர்த் திசையில் அனுப்பியவன் நான். உச்சி வெயிலில் அவர் கைகூப்பி நன்றி சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கும்பிடு இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

சென்ற ஆண்டு ஒரு பௌர்ணமி இரவு, நாட்டு நலப்பணித் திட்ட மாணவனாகக் குபேர லிங்கத்தின் அருகே நின்றிருந்தேன். மூதாட்டி ஒருவர் அழுதவாறு வந்து, 'தப்பிபோயானு, தப்பிபோயானு' என்றார். 'யாரிடமிருந்து தப்பி வந்தார்?' என்று பதறினான் என் நண்பன். தெலுங்கில் அதற்கு 'தொலைந்து போனேன்' என்று பொருளாம். அது எங்களுக்குப் பின்னர்தான் தெரிந்தது. செல்பேசியின் மொழிபெயர்ப்புச் செயலியை அவர் வாயருகே நீட்டினேன். அவர் மிரண்டு பின்வாங்கினார். கூட்டத்தின் இரைச்சலில் செயலியும் ஏதோ உளறியது.

சாலையோரம் டீ விற்கும் அம்மா ஒருவர் எங்களை விலக்கிவிட்டு வந்தார். அவருக்குத் தமிழைத் தவிர வேறொன்றும் தெரியாது. 'குந்து ஆயா, உன் ஜனங்க எங்க போயிடப் போறாங்க' என்று தம் முக்காலியை விளக்கின் கீழே சாலையைப் பார்த்தவாறு போட்டு, பாட்டியை உட்கார வைத்துக் கையில் டீயைக் கொடுத்தார். உதவி மையத்துக்கு அழைத்துப் போகிறோம் என்றோம் நாங்கள். 'வேணாம்பா. பின்னால வர்றவங்கன்னா இப்படித்தான் வரணும். முன்னால போனவங்கன்னா தேடிக்கிட்டு இப்படித்தான் திரும்பணும். இங்கயே இருக்கட்டும்' என்றார். பட்டப்படிப்புப் படிக்கும் எங்கள் இருவருக்கும் தோன்றாத கணக்கு அது!

ஒன்றரை மணி நேரம் பாட்டி தெலுங்கில் பேசினார். அந்த அம்மா தமிழில் பதில் சொன்னார். நடுநடுவே இருவரும் சிரித்துக்கொண்டதுகூட உண்டு. எதற்கென்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. விடியற்காலையில் பேரன் எதிர்த் திசையிலிருந்து ஓடி வந்தான். அவன் நீட்டிய ஐந்நூறு ரூபாயில் இரண்டு டீக்கான காசை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தந்தார் அந்த அம்மா.

நமக்கு அவருடைய நிதானம் வரக் காலமாகலாம். ஆனால் தெலுங்குச் சொற்கள் பத்தைக் கற்க ஒரு பிற்பகல் போதாதா? கார்த்திகைத் தீபத்துக்குத் தொண்டாற்றச் செல்லும் மாணவர்களுக்கு அத்தகைய வகுப்பொன்று நடத்துமாறு பேராசிரியப் பெருமக்களைக் கேட்டுக்கொள்கிறேன். நம் வகுப்புகளிலேயே வீட்டில் தெலுங்கு பேசும் நண்பர்கள் இருக்கிறார்கள், அவர்களே ஆசிரியராகட்டும். கரும்பலகையில் முதற்சொல்லாகத் 'தப்பிபோயானு' என்பதை எழுதிப் போட நான் வருகிறேன்.