தூரிகையும் எழுதுகோலும்

“ஓவியம் சோறு போடுமா?” என்பது நம்மவர் நாவில் நெடுங்காலமாக நிலைபெற்ற வினா. அவ்வினாவின் பெயரால் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றில் ஓவியப் பாடவேளை கணிதத்திற்கும் அறிவியலுக்கும் இரையாயிற்று. தேர்வே காரணம் என்றனர். அந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் ஒழிக்கப்பட்டது. பறித்த பாடவேளையைத் திருப்பித் தந்தோர் எத்துணைப் பேர்?

மொழிக்கும் ஓவியத்திற்கும் உறவில்லை என்போர் தம் மொழியையே அறியாதார். ‘எழுதுதல்’ என்னும் சொல் பழந்தமிழில் வரைதலையும் குறித்தது. மத்தவிலாசம் என்னும் வடமொழி நாடகத்தை இயற்றிய மகேந்திரவர்மப் பல்லவனே ‘சித்திரகாரப் புலி’ என்னும் விருதுப் பெயரையும் பூண்டான். சப்பானியப் புலமை ஓவியர் மரபும் இத்தகையதே. 18-ஆம் நூற்றாண்டின் யோசா பூசோன் ஹைக்கூ கவிஞர்; மைந்நிலக்காட்சி ஓவியரும் ஆவார். கவிதையும் கையெழுத்தும் ஓவியமும் அம்மரபினர்க்கு ஒரே கல்வி.

அம்மரபை நேரிற் கண்டு பயின்ற இந்தியர் வினோத பிகாரி முகர்ஜி (1904–1980). பிறவியிலேயே ஒரு கண் பார்வையற்றது. மறு கண்ணும் மங்கல். பள்ளிப்படிப்பு ஒழுங்காக அமையவில்லை. ஆயினும் 1919-இல் சாந்திநிகேதனின் கலாபவனத்தில் சேர்ந்தார். பின்னர் அங்கேயே ஆசிரியரானார். 1930-களின் பிற்பகுதியில் சப்பான் சென்று மீண்டார். பீர்பூமின் செம்மண் வெளியைச் சுருள் ஓவியங்களாக நீட்டினார். 1950-களில் அறுவை மருத்துவம் பயனளிக்காமற் போகவே பார்வை முற்றும் அற்றது. அதன் பின்னும் தாள் வெட்டி ஒட்டினார். 1972-இல் சுட்ட மண் ஓடுகளால் சுவரோவியம் படைத்தார். தம் வாழ்வை வங்காளத்தில் ‘சித்ரகர்’ என எழுதினார். அந்நூலை ஆங்கிலமாக்கியவர், கேரளத்தில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ஓவியர் கே.ஜி. சுப்பிரமணியன். இவ்வரலாற்றை நம் மாணவருள் எத்தனைப் பேர் அறிவர்?

எல்லாப் பிள்ளைகளும் ஓவியராக வேண்டுமென்பதன்று. கண்கொண்டு பார்க்கக் கற்க வேண்டுமென்பதே. பள்ளியருகே உள்ள செம்பனைத் தோட்டத்தை ஊன்றி நோக்காத மாணவன், ‘இயற்கை எழில்’ கட்டுரையில் மனப்பாடம் செய்த மயிலையும் அருவியையும் கொட்டுகிறான். அதற்கு மதிப்பெண்ணும் இடுகிறோம்! அவன் வறுமை சொல்வறுமையன்று, காட்சிவறுமை.

பொருளில்லை என்று சாக்குரைத்தல் தகாது. ஒரு குப்பி மை, ஒரு தூரிகை, சில தாள்கள் போதும். ஆயர் ஈத்தாம் என்னும் மலாய்ப் பெயரின் பொருளே ‘கருநீர்’. மட்பாண்டத்தால் பெயர்பெற்ற அவ்வூரில், மண்ணும் கருநீரும் கலையாவதைப் பிள்ளைகட்குக் காட்டத் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. வாரம் ஒரு பாடவேளையை மீட்டுக் கொடுக்கும் நெஞ்சுரமே வேண்டும். அதனை ஆசிரியரன்றி வேறு யார் தருவார்?